கல்வளையத்தில் நுழைந்த பந்தும் மன்னரின் போர்வையும்

என் பெயர் மாசாத். வயது இருபத்தெட்டு இருக்கும். தெஸ்கோகோ நகரில் ஏரிக்கரையை ஒட்டிய நெசவாளர் தெருவில் மனைவி ஷோகோவுடன் குடியிருக்கிறேன். இடுப்பால் ரப்பர் பந்தை அடிக்கும் ஆட்டத்தில் அரண்மனை அணிக்கு ஆடுகிறேன். மன்னரின் பருத்திப் போர்வையை என் மனைவி போர்த்திக்கொண்டாள் என்ற வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன். சித்திர எழுத்தர் ஐயா வரைந்துகொள்கிறார்.

நேற்று முற்பகல் மன்னரின் தம்பி அணியோடு எங்களுக்கு ஆட்டம். பந்து என் இடுப்பில் பட்டு மேலே எழுந்து, சுவரில் மூன்று ஆள் உயரத்தில் இருக்கும் கல்வளையத்துக்குள் நுழைந்தது. நான் ஆடிய ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நுழைந்ததில்லை. அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அதன் பிறகு பார்க்க வந்த சனங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டம் பிடித்தார்கள். வளையத்தில் பந்தைப் போட்டவன் அவர்களுடைய போர்வைகளைப் பறிக்கலாம் என்பது வழக்கம். மன்னர் மட்டும் ஓடவில்லை. தம் போர்வையைத் தாமே கழற்றிக் கொடுத்து, "ஜெயிச்சுட்ட, எடுத்துக்க. ஆனா பருத்தி பெரிய குலத்துக்கு மட்டுந்தான், உங்க ஆளுங்க தோள்ல இத பாத்தா தலை இருக்காது. பொழுது சாயறதுக்குள்ள கிடங்குல குடுத்துட்டு நார்த்துணி வாங்கிக்க" என்றார்.

கிடங்குக்குத்தான் போனேன். வழியில் மடிக்கும்போது, ஓரத்தில் நகமளவு பழுப்பு நூல் கண்ணில் பட்டது. அது அரண்மனைக்கு வரியாகக் கொடுக்க ஷோகோ நெய்த துணி. வெள்ளை நூல் தீர்ந்த அன்று அவள்தான் அப்படி ஒட்டுப்போட்டாள். "அஞ்சு மாசம் என் மடியில கெடந்த துணி. ஒரு தரம் மேல போட்டுப் பாத்தா என்னய்யா?" என்று அப்போது கேட்டாள். "பாரு, பாத்துட்டு ரெண்டு பேரும் சேந்து சாவோம்" என்றேன். அந்த ஒட்டை அவளுக்குக் காட்டத்தான் வீட்டுக்குப் போனேன். அது என் தப்பு.

அப்போது உச்சிவேளை. விடியுமுன் தறியில் உட்கார்ந்தவள், கையில் நூலோடு அங்கேயே தூங்கிப்போயிருந்தாள். ஏரி வெளிச்சம் அவள்மேல் அலைந்துகொண்டிருந்தது. நான் போர்வையை விரித்து அவள்மேல் போட்டேன். கணுக்கால்வரை மூடியது. அவ்வளவு அழகாக இருந்தாள். இதையும் வரையுங்கள். அதன் பிறகு காவலர் வாசலில் வந்து நின்றார்.

அவள் போர்த்திக்கொள்ளவில்லை, நான்தான் போர்த்தினேன். அவள் அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சிரித்தாள் என்று காவலர் சொல்வது உண்மை. தூக்கத்தில் சிரித்தாள். "கனமே இல்லய்யா" என்று சொன்னதும் உண்மை. அவள் தூக்கத்தில் உளறுவது தெருவுக்கே தெரியும். விழித்தாளா என்று நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். விழிக்கவில்லை.

என்னை யாரும் மிரட்டவில்லை. தண்டனை எனக்கு மட்டும் உரியது. வரைந்த தாளைக் காட்டினார்கள், பார்த்தேன். அதில் ஷோகோவின் கண் திறந்திருந்தது. மூடச் சொன்னேன். எழுத்தர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று மையில் விரல் தொட்டு வைக்கிறேன்.

(விரல் அடையாளம்) மாசாத்