மூன்று நட்சத்திரங்களும் ஒரு புஸ்வாணமும்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். முதுகுக்குச் சாய்மானம் உண்டு, நான்கு கால்களும் ஒரே உயரம். இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி நிறுவனத்து நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். மாற்றித் தரச் சொல்லி மனு எழுதிக் கை ஓய்ந்துபோனேன். குற்றவாளிக்குக் கிடைக்கிற வசதி விஞ்ஞானிக்குக் கிடைப்பதில்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

நடந்ததை என் சொந்த நடையிலேயே எழுதச் சொல்லிப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்கள் கொடுத்தீர்கள். மிகவும் நன்றி. என் கட்டுரைகளை முதல் பத்திக்கு மேல் யாரும் படித்ததில்லை. நீங்கள் கடைசி வரி வரை படித்தே ஆகவேண்டும்.

பெரிய நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சூரியனைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு கனமானவை எரிபொருள் தீர்ந்ததும் வெடிக்கும். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து தருகிற வெளிச்சத்தை அந்த ஒன்றே சில வாரங்களுக்குத் தரும். அதுதான் சூப்பர்நோவா. முப்பது மடங்குக்கு மேற்பட்டவை அப்படி வெடிக்காது, ஆர்ப்பாட்டமே இல்லாமல் தமக்குள்ளேயே இடிந்து அணைந்துவிடும் என்பது என் கோட்பாடு. ஒன்றுகூட வெடிக்காது என்று எழுதினேன். 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். முப்பது வயது, வீறாப்பு. துறையில் அதற்குப் 'புஸ்வாணக் கோட்பாடு' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் என் தலையில் வந்து உட்கார்ந்தது. "புஸ்வாணம் சாருக்கு ஒரு டீ" என்பார்கள் கேன்டீனில். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

என் தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அதே நிறுவனத்தில் தொலைநோக்கிப் படங்களைப் பார்க்கிற வேலை. நேற்று இல்லாத ஒரு புள்ளி இன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவனுக்குக் கண் அப்படி. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காததை அவன் டீ குடித்துக்கொண்டே சுட்டிக்காட்டுவான். அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'கழுகு'. எனக்குப் புஸ்வாணம், அவனுக்குக் கழுகு. எங்கள் அம்மா இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தாள்.

இப்போது என் இன்னொரு வேலையைச் சொல்லவேண்டும். படம் பார்க்கிறவர்கள் தூங்கி வழியாமல் இருக்கிறார்களா என்று அறிய, படங்களுக்குள் ஆங்காங்கே பொய் நட்சத்திரங்களை ஒளித்துவைப்பது எங்கள் வழக்கம். ஒளித்து வைப்பவன் நான். எவை பொய் என்ற பட்டியல் எனக்கு மட்டுமே தெரியும். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டால் முதலில் என்னிடம் கொண்டுவர வேண்டும். பொய்யாக இருந்தால் "சோதனை" என்பேன், அசடு வழியத் திரும்பிப் போவார்கள். பட்டியலின் நகல் ஒன்று அவ்வப்போது உறையில் ஒட்டப்பட்டு இயக்குநரின் பெட்டகத்துக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் உறைகளைத் திறப்பார்கள். நான்கூடக் கைவைக்க முடியாதபடி அந்த விதியை எழுதிய உத்தமன் யார் தெரியுமா? நானேதான்.

போன வருடம் ஒரு காலையில் தம்பி என் அறைக்குள் ஓடிவந்தான்.

"அண்ணா, யார்கிட்டயும் இன்னும் சொல்லல. வெடிக்கிறதுக்கு முந்தின பழைய படத்த வெச்சு இதோட எடையப் பாரு. நாப்பது மடங்கு. வெடிச்சிருக்கு!"

பார்த்தேன். மிக மங்கலான, மிகத் தொலைவான புள்ளி. எங்கள் தொலைநோக்கி தவிர வேறு யாரும் பார்க்காத மூலை. அசல் நட்சத்திரம். என் இருபது வருடப் பிழைப்பில் மண்ணைப் போடுகிற நட்சத்திரம். அதை எனக்குக் கொண்டுவந்து காட்டுகிறவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"சோதனைடா" என்றேன்.

அவன் படத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சிரித்தான். "செமயா ஏமாத்திட்ட அண்ணா. இவ்வளவு அழகா பொய் பண்ண உன்னாலதான் முடியும்."

இது அப்பட்டமான பொய் என்பீர்கள். அப்படியில்லை. அவசரப்பட்டு அறிவித்துவிட்டு, பிறகு தவறென்று தெரிந்தால் அவன் பெயர் கெடும். அண்ணனாக நான் யோசிக்க வேண்டாமா?

ஏழு மாதத்தில் இரண்டாவது வந்தது. சோதனை என்றேன். மூன்றாவது வந்தது. அதற்கும் அதையே சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறுண்ணா. அசலுக்கும் பொய்க்கும் வித்தியாசமே தெரியல. இந்த வேலைய விட்டுடலாமான்னு இருக்கு. திங்கக்கிழமை உறையத் திறக்கட்டும். மூணும் பட்டியல்ல இருந்துச்சுன்னா அன்னைக்கே எழுதிக் குடுத்துடுறேன்."

மூன்றும் பட்டியலில் இல்லை. அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நிறுவனத்தின் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். கோட்பாடும் போகும், மானமும் போகும். அந்த மூன்றையும் பற்றி என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும். பயந்துபோனேன், மேடம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தம்பிக்கு அடித்தளத்தில் வேலை. தொலைநோக்கிக் கேமராக்களைத் திரவ நைட்ரஜனால் குளிரவைக்கும் அறை அது. கசிந்தால் காற்றில் ஆக்சிஜன் குறையும், மூச்சுத் திணறலே தெரியாது, ஆள் மயங்கிவிடுவான். அதற்காக ஓர் அலாரம் உண்டு. அந்த அலாரம் ஒலிக்கிறதா என்று வெள்ளிதோறும் மூன்று மணிக்கு அடித்துப் பார்ப்பார்கள். 'சோதனை' என்று பெயர் வந்தாலே என் தலையில் கட்டுவது நிறுவனத்தின் பழக்கமாதலால் அதுவும் என் பொறுப்பு. அன்று மெக்கானிக் விடுப்பு. சோதனையை ரத்து செய்து நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். தம்பிக்குத் தெரியாது.

கசிந்த நைட்ரஜன் குழாயை நான் தொடவில்லை. அது பழைய குழாய். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது. கீழே போன் இருப்பது கதவை ஒட்டிய சுவரில்.

"அண்ணா, அலாரம் நிக்காம அடிக்குது. உன் சோதனைதானே?"

"ஆமாடா. சோதனைதான்."

"ரொம்ப நேரமா அடிக்குதே?"

"இன்னைக்குக் கொஞ்சம் நீளம்."

நான் போனை வைத்துவிடவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்குவதைப் பற்றிப் பேசினேன். அவனுக்கு நாக்கு குழற ஆரம்பித்தது. காரணமில்லாமல் சிரித்தான்.

"தலை லேசா சுத்துதுண்ணா."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அதான். கீழ உக்காந்துக்கடா. சரியாப் போயிடும்."

"சரிண்ணா" என்றான். உட்கார்ந்தான். அவன் பதில் சொல்லாமல் போன பிறகும் நான்கு நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடித்தளத்து அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவைக் கேட்டு நிறுவனமே அழுதது. சோதனை ரத்தானதை மறந்துவிட்ட பாவி அண்ணன், கடைசிவரை அன்பாகப் பேசியிருக்கிறான் என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உன் குரலக் கேட்டுக்கிட்டேதான்டா போயிருக்கான். எனக்கு அது போதும்" என்றாள். அன்றைக்கு நானும் அழுதேன். நடிப்பில்லை.

துக்கத்தை முன்னிட்டு உறை திறப்பை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். திறந்தபோது தம்பியின் நோட்டு குட்டை உடைத்துவிட்டது. மூன்று நட்சத்திரங்களுக்கு எதிரிலும் 'சோதனை, அண்ணன் சொன்னது' என்று மணி மணியாக எழுதிவைத்திருந்தான். இயக்குநர் உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் பதிவை நான்கு முறை கேட்டீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "சார், குளிர்ந்த நைட்ரஜன் மேல போகுமா, கீழ எறங்குமா?"

கீழே என்றேன். தரையில்தான் முதலில் நிறையும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இயற்பியலில் ஒருவர் கேள்வி கேட்டால் தவறான பதில் எனக்கு வாயில் வராது. என்ன செய்ய, வளர்ப்பு அப்படி.

ஆக, நின்றிருந்தால் கதவைத் திறந்து தப்பியிருப்பான், தெரிந்தே உட்காரச் சொன்னேன், கொன்றேன். நீங்கள் கேட்ட வாக்கியம் இதுதானே? கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

ஆனால் கோட்பாடு தவறு என்று மட்டும் எழுதமாட்டேன், மேடம். மூன்று நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. நான்காவதாக ஒன்று கிடைக்கட்டும். தம்பியிடம் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்வோம். அவன் அசல் என்று சொல்லிவிட்டால் ஒப்புக்கொள்கிறேன்.