முள்மரத்தடிப் பொன்

கோழிகளுக்குத் தீனி போடாமல் வந்துவிட்டேன், சார்ஜன்ட். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மலாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் மகன் கோல்மன் வைக்கோல்போருக்குத் தீ வைத்தான் என்று வழக்குப் போட்டார்கள். அந்த நேரத்தில் அவன் மலாக்கியின் மதுக்கடைக்குக் கள்ளச் சாராயம் இறக்கிக்கொண்டிருந்தான். மலாக்கி அதைச் சொல்லியிருந்தால் போதும். கடை உரிமம் போய்விடும் என்று கோர்ட்டில் வாய் திறக்காமல் நின்றான். கோல்மன் சிறையில் இரண்டாவது குளிர்காலத்தில் இருமியே செத்தான். அன்றிலிருந்து மலாக்கியை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன வாரம் அவன் கடைக்குப் போய், மூன்று ராத்திரி தொடர்ந்து வந்த கனவு என்று ஒன்றைச் சொன்னேன். பழைய மண்கோட்டையில், முள்மரத்தடியில், ஒரு பானை பொன்.

"மூணு ராத்திரியும் அதே இடமா?" என்றான்.

"அதே இடந்தான். எனக்குத் தோண்டத் தெம்பில்ல. உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"பொன்னு கெடச்சா உனக்குப் புதுப் பல்லு கட்டிவிடறேன், கெழவி."

"வாய மட்டும் மூடிக்க. எடுத்து முடிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசினாலும் பொன்னு போயிடும். கோர்ட்டுல நின்னியே, அப்படி நின்னாப் போதும்."

"அதையே இன்னும் பிடிச்சிட்டுத் தொங்கறியா?" என்று சிரித்தான்.

அங்கேதான் என் கணவர் மணல் எடுப்பார். இடுப்பளவுக்கு மேல் தோண்டினால் கரை நிற்காது. கடையில் உட்கார்ந்தே பிழைத்தவனுக்கு அது தெரியாது. நேற்று மத்தியானம் தோண்டினான். மண்வெட்டி இரும்பில் பட்டு ஓசை கேட்டது. நான் கத்திவிடுவேனோ என்று பயந்து, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். முகமெல்லாம் பூரிப்பு. அது நான் முந்தின வாரம் புதைத்த, உருளைக்கிழங்கு அவிக்கும் இரும்புப் பானையின் மூடி.

அப்போதுதான் கரை சரிந்தது. மணல் அவன் நெஞ்சு வரைக்கும் வந்தது. கூப்பிடு தூரத்தில் ஆறு பேர் அடுப்பெரிக்கக் கரி மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கூப்பிடவில்லை. தூக்கிவிடு என்று கையை மட்டும் நீட்டினான். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லில் உட்கார்ந்து காலுறை பின்னினேன். இன்னொரு சரிவு வந்து கழுத்தைத் தொட்ட பிறகுதான் பேசினான். குரல் என் வரைக்கும்தான் வந்தது.

"கோல்மன் அன்னைக்கு எங்கூடத்தான் இருந்தான், நாப்லா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தூக்கிவிடு."

அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருடம் காத்திருந்தேன். கேட்டதும் மனசு குளிர்ந்தது. மணலில் துருத்திக்கொண்டிருந்த அவனுடைய மண்வெட்டியை எடுத்து மிச்ச மணலையும் தள்ளி மூடினேன்.

நான் யாரையும் கொல்லவில்லை, சார்ஜன்ட். பேசக் கூடாது என்று அவனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன்.