புத்தகக்கடை இலைக்கடை ஆன கதை

பேச்சிமுத்துவுக்கு முதலில் அநியாயம் செய்தது சங்கரலிங்க வாத்தியார்தான். அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

அந்தக் காலத்தில், திருநெல்வேலி டவுனில் ஒரு தெருவில், பேச்சிமுத்து என்று ஒரு மாட்டுவண்டிக்காரர் இருந்தாராம். அவருடைய அக்கா உலகம்மை. மழை பொய்த்த ஒரு வருசம் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததாம். உலகம்மை காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி விற்று, தெருமுனையில் கிணறு வெட்ட வைத்தாளாம். தண்ணீர் வந்தது. அவள் சாகிற வரைக்கும் வெறுங்காதுதானாம்.

பிறகு வாத்தியார் ஊர் வரலாறு எழுதினார். நல்ல புத்தகம்தான், பொய் சொல்லக்கூடாது. யார் கேட்டாலும், "நம்ம ஊரப் பத்திப் படிக்கணுமா, இத வாங்கு" என்பார்களாம். ஆனால் கிணற்றுப் படம் போட்ட பக்கத்தில், அச்சுச் செலவை ஏற்ற மளிகைக்கடை முதலாளி வெட்டிய கிணறு என்று இருந்ததாம்.

பேச்சிமுத்துவுக்கு எழுத்து தெரியாது. யாரோ வாசித்துச் சொல்ல, வண்டியை அப்படியே போட்டுவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாராம்.

"எங்க அக்கா பேரு எங்க ஐயா?"

"விட்டுப்போச்சு பேச்சிமுத்து. அடுத்த பதிப்புல போட்டுருதேன்."

அடுத்த பதிப்பும் வந்தது. முதலாளி பேர்தான் இன்னும் பெரிய எழுத்தில் வந்தது.

அதற்குப் பிறகு அவரால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. விடிந்தால் கிணற்றடி வேம்பில் ஒரு கொத்து ஒடிப்பார். நேரே புத்தகக்கடை வாசலுக்கு வருவார். அங்கேயும் இங்கேயும் நடப்பார். யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்தால், படத்தை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, ஒரு இலையைச் செருகிக் கொடுப்பார்.

"இது எங்க அக்கா உலகம்மை வெட்டுன கெணறு. மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்காரு, படிங்க."

கடைக்காரர் பிச்சையாவுக்கு எரிச்சல். "வேய், வாங்க வந்தவன் ஓடிருதான். ஒமக்கு என் கடவாசல்தான் கெடச்சுதா?"

"வாத்தியார் வீட்டு வாசல் தேஞ்சுபோச்சுல்லா."

ஒருநாள் வாத்தியாரே வெளியூர் விருந்தாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாராம், அவருக்கு ஒரு பிரதி வாங்க. பேச்சிமுத்து இலையைச் செருகிக் கொடுத்தார். வாத்தியார் விருந்தாளி பார்க்கும் முன்னே அதை உருவித் தெருவில் எறிந்தார்.

பிச்சையா கடையை விட்டு இறங்கினார். இலையை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். அதே பக்கத்தில் திரும்ப வைத்தார்.

"இருக்கட்டும் ஐயா. எங்க அம்மையும் அந்தத் தண்ணியத்தான் சுமந்தா."

பேச்சிமுத்து போய்ச் சேர்ந்தார், வாத்தியாரும் போனார். அந்தக் கடையில் இன்றைக்கும் அந்தப் புத்தகம் வாங்கினால், கிணற்றுப் பக்கத்தில் ஒரு வேப்பிலை இருக்கும். இலைக்கடை என்று பேர் வந்தது அப்படித்தான்.

புத்தகம் திரும்பத் திரும்ப அச்சாகிறது. வாத்தியார் சொன்ன அந்த அடுத்த பதிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.