அண்ணன் பெயரைத் தேடிய டீச்சர்

சாயங்காலம், ஆற்காட்டிலிருந்து வேலூர் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவர் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் என்று பேச்சில் தெரிந்தது.

"நெட்டுல வர்றத அப்படியே நம்பாதீங்கன்னு பசங்களுக்குச் சொல்லிட்டு, நானே நம்பிட்டேங்கா."

"இன்னா நம்பிட்ட?"

"எங்க அண்ணன் பேரப் போட்டுத் தேடினேன். வீட்ட விட்டுப் போய் பதிமூணு வருஷம் ஆச்சு. ஏதோ ஷூ கம்பெனி வெப்சைட்டுல அதே பேரு, அதே இனிஷியல், சொந்த ஊரும் எங்க ஆம்பூர்னே இருந்துச்சு."

"போட்டோ?"

"இல்ல. யாரு எழுதினது, வேற எங்கயாவது அதே விஷயம் இருக்கா, பாருங்கன்னு கிளாஸ்ல தினம் சொல்றேன். அன்னிக்கு எதையும் பாக்கல. ஓடிப்போய் அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமாத்தான் அந்தாளுக்கு மெயில் போட்டேன். இன்னிக்குப் பதில் வந்துச்சு. அவரு வேற யாரோ. உங்க அண்ணனுக்காக ஜெபம் பண்றேன்னு எழுதியிருக்காரு."

மூத்த டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிக்கா? அண்ணன் சட்டைய எல்லாம் எடுத்துத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க. இப்ப குண்டாயிருப்பானே, இதெல்லாம் பத்துமான்னு கேக்குறாங்க."

சத்துவாச்சாரி வந்தது. "உன் ஸ்டாப்பும்மா" என்றார் மூத்தவர்.

"அடுத்ததுல எறங்கி நடந்துக்கிறேங்கா."