முதல் தொட்டியில் ஒரு சட்டை

அண்ணி: காலைத் தூக்கிக்கோ பாப்பா. சோப்புப் பெட்டி தண்ணியில மிதந்து உன்னைத் தேடித்தான் வருது.

நாத்தனார்: வரட்டும் அண்ணி. மூணு வருஷமா நாம அதைத் தொட்டோமா, அதுக்குக் கோவம். நீங்க ஓரத்துலேருந்து உள்ள தள்ளி உக்காருங்க.

அண்ணி: எங்க தள்றது? இது இஸ்திரி மேசை, மெத்தைக் கட்டில் இல்ல. நீ கொஞ்சம் சின்னதா இரு.

நாத்தனார்: நாப்பதுக்கு மேல எப்படிச் சின்னதாகறது... யப்பா, ஜில்லுன்னு இருக்கு. பனிக்காலத்துல இப்படி ஒரு மழையை நான் பாத்ததே இல்ல.

அண்ணி: மூணு வருஷமா மழையையே பாத்ததில்லன்னு சொல்லு. கூரையில சத்தத்தைக் கேளேன். ஊரே சேந்து துணியைக் கல்லுல அடிக்கிற மாதிரி.

நாத்தனார்: நாலு நாளா அதே அடி. அந்தத் துணி இன்னும் கிழியலயே.

அண்ணி: கிழிஞ்சதாலதான் இப்படி ஊத்துது.

நாத்தனார்: நல்லா ஊத்தட்டும். கடை மூழ்கினாலும் பரவால்ல, நிறுத்தாதேன்னு இருக்கு எனக்கு. தண்ணி இல்லாத சலவைக் கடையை வெச்சுக்கிட்டு, வர்றவங்க போறவங்க வீட்டுல துவைச்ச துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டுட்டு...

அண்ணி: வெளுப்புத் தொட்டி மட்டும் காலியாவா கிடந்துச்சு? அதுல பூனை மூணு தடவை குட்டி போட்டாச்சு.

நாத்தனார்: பூனை எங்க?

அண்ணி: அலமாரி உச்சியில. நம்மளைப் பாத்து முறைக்குது. வீட்டைக் காலி பண்ண வெச்சுட்டோம்னு.

லாரிக்காரர்: உள்ள யாரும்மா... சலவைக் கடை இருக்கா, போயிடுச்சா?

நாத்தனார்: இருக்கு, இருக்கு. மிதக்குது. ஜன்னல்கிட்ட வாங்க. என்ன இது, லாரியை விட்டுட்டு நடந்து வர்றீங்க?

லாரிக்காரர்: நடந்தா வர்றேன்? இடுப்பு வரைக்கும் தண்ணி, நீந்தாத குறை. லாரி போயிடுச்சும்மா.

அண்ணி: எங்க போச்சு?

லாரிக்காரர்: மூணு வருஷமா நான் தண்ணியை ஏத்திட்டுப் போனேன். இன்னைக்குக் காலையில தண்ணி என் லாரியை ஏத்திட்டுப் போயிடுச்சு. பள்ளிக்கூடத்துச் சுவர்ல சாஞ்சு நிக்குது, களைச்சுப்போன மாடு மாதிரி.

அண்ணி: அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே.

லாரிக்காரர்: அழலாம்னுதான் வாயைத் திறந்தேன். மழை உள்ள பூந்துடுச்சு. அப்புறம் என்ன, சிரிப்பு வந்துடுச்சு. அணை வழியுது, தெரியுமா? மதகெல்லாம் திறந்தாச்சு. ஜனங்க கரையில குடையை மடக்கி வெச்சுட்டு நின்னு பாக்கறாங்க. நனையணும்னே போயிருக்காங்க.

நாத்தனார்: யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?

லாரிக்காரர்: ஆத்தோரத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் நேத்தே பள்ளிக்கூட மாடிக்கு ஏத்தியாச்சு. அடுப்பு எரியுது, சீட்டாட்டம் நடக்குது, சண்டையும் நடக்குது. அப்ப நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்? ஊர்ல ஒரு போர்வை பாக்கியில்ல, எல்லாம் சேறு. தண்ணி வடிஞ்சதும் மொத்தமும் உங்க வாசல்லதான் வந்து நிக்கும்.

அண்ணி: வரட்டும். எங்களுக்குக் கை அரிச்சுக்கிட்டு இருக்கு.

லாரிக்காரர்: அப்புறம் சின்னம்மா... நீங்க வாராவாரம் என்கிட்ட வாங்கிக்கற அது, பெட்டியோட நனைஞ்சுடுச்சு. இந்த வாரம் கிடையா—

நாத்தனார்: சரி சரி சரி. நீலம் அண்ணி. துணிக்குப் போடற நீலம் கேட்டிருந்தேன்.

லாரிக்காரர்: நீலமா?

நாத்தனார்: நீலம்தான்.

லாரிக்காரர்: ...ஆமாமா. நீலம். காகித மோதிரம் மாட்டின நீலம். நான் வர்றேன், லாரியை யாராவது பள்ளிக்கூடத்துல சேத்துடப் போறாங்க.

அண்ணி: ஏண்டி, நீலத்துக்கு எதுக்கு மோதிரம்?

நாத்தனார்: அவருக்கு மூளை ஊறிப்போச்சு அண்ணி. விடுங்க. க்கும்... க்கும்...

அண்ணி: இன்னும் இருமலா? தூசி இருமல்னு சொன்னே. தூசி அடங்கி நாலு நாளாச்சு.

நாத்தனார்: இது பழைய தூசி. நெஞ்சுல தங்கிடுச்சு.

அண்ணி: தங்கட்டும், வாடகையாவது குடுக்குதா... பாப்பா. அங்க பாரு. தொட்டிக்குப் பக்கத்துல.

நாத்தனார்: எது? வாளியா?

அண்ணி: வாளி இல்ல. தகரப்பெட்டி.

நாத்தனார்: ...அண்ணன் சட்டை வெச்ச பெட்டியா? அது மேலதானே இருந்துச்சு?

அண்ணி: நேத்து சாயங்காலம் எடுத்துப் பாத்தேன். திரும்ப மேல ஏத்தாம கீழயே வெச்சுட்டேன்.

நாத்தனார்: ஐயோ அண்ணி... இருங்க, நீங்க இறங்காதீங்க. முட்டி வலிக்காரி நீங்க. நான் போறேன்.

அண்ணி: பாத்துப் போ. தரையில சோப்பு கரைஞ்சிருக்கும், வழுக்கும். இஸ்திரிப் பெட்டி கீழ கிடக்கும், கால்ல இடிச்சுக்காதே.

நாத்தனார்: ஸ்ஸ்... இடிச்சுக்கிட்டேன்.

அண்ணி: சொன்னேன்ல?

நாத்தனார்: நீங்க சொன்னதாலதான் இடிச்சுது. ...பிடிச்சுட்டேன். கனக்குது அண்ணி. கனக்கக் கூடாதே. ஒரு சட்டைதானே உள்ள.

அண்ணி: மூடியைத் திற.

நாத்தனார்: மேசைக்குக் கொண்டு வந்துடறேன்.

அண்ணி: அங்கயே திற பாப்பா.

நாத்தனார்: இருங்க, மூடி இறுகிப் போச்சு... ஐயோ.

அண்ணி: என்ன?

நாத்தனார்: சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு அண்ணி. பெட்டிக்குள்ள அரைப்பெட்டி தண்ணி.

அண்ணி: சரி, கொண்டா.

நாத்தனார்: சரியா? அண்ணன் கடைசியா கழட்டிப் போட்ட சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ கதவு ஆணியில மாட்டிட்டுப் போனது. மூணு வருஷமா அப்படியே வெச்சிருந்தீங்க. யார் கேட்டாலும், ஊர்ல குடிக்கவே தண்ணி இல்ல, வந்ததும் வெளுக்கறேன்னு சொன்னீங்க. வந்தாச்சு. இனிமே என்ன சொல்லித் தப்பிக்கப் போறீங்கன்னு நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.

அண்ணி: எனக்கும்தான் இல்ல. மழை வந்ததுக்குச் சிரிக்கறேன், உடனே இந்தப் பெட்டி ஞாபகம் வருது. அதான் நேத்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். வெளுக்கறதா வேண்டாமான்னு.

நாத்தனார்: வேண்டாம். கேளுங்க, பிழியாம அப்படியே தொங்க விடலாம். தண்ணி தானா வடியட்டும். அடுப்புக் கரி நனையாம இருந்தா தூரத்துல வெச்சு மெதுவா காய வெக்கறேன். வாசனை போகாது. கொஞ்சம் குறைஞ்சாலும் ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும்.

அண்ணி: எப்படித் திரும்ப வரும்?

நாத்தனார்: ...வரும் அண்ணி. துணிக்குள்ள ஊறினது மேல வரும்.

அண்ணி: உனக்கென்னடி வாசனை தெரியும்? சலவை சோடாவுல உன் மூக்கு செத்துப் பத்து வருஷம் ஆச்சு. பால் தீஞ்சா பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லணும்.

நாத்தனார்: எனக்குத் தெரியாட்டி என்ன? உங்களுக்குத் தெரியுமே. வாரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, 'அப்படியே இருக்கு பாப்பா'ன்னு சொல்வீங்களே. அந்த ஒரு வார்த்தைக்காக நான்...

அண்ணி: நீ?

நாத்தனார்: ஒண்ணுமில்ல. க்கும்...

அண்ணி: மாடித் தொட்டி ரொம்பி வழியுது, கேக்குதா? சுத்தமான மழைத்தண்ணி. மொத வெளுப்புல இந்தச் சட்டையைப் போடு.

நாத்தனார்: மாட்டேன். ஊர்த் துணி எது வேணா குடுங்க, வெளுக்கறேன். இதை மட்டும் என் கையால தண்ணியில போட மாட்டேன்.

அண்ணி: மறுபடியும் போட மாட்டேன்னு சொல்லு.

நாத்தனார்: என்ன மறுபடியும்?

அண்ணி: காலரைத் திருப்பு.

நாத்தனார்: எதுக்கு...

அண்ணி: திருப்புடி. உள்பக்கம் தையல்ல என்ன இருக்கு?

நாத்தனார்: ...நூல்.

அண்ணி: என்ன கலர்?

நாத்தனார்: சிவப்பு.

அண்ணி: சிவப்பு நூல் யாரோட அடையாளம்?

நாத்தனார்: ஆஸ்பத்திரித் துணிக்கு... ஐயோ. நூலும் போட்டேனா?

அண்ணி: போட்டே. வறட்சி ஆரம்பத்துல வெளுக்க அனுமதி இருந்தது ஆஸ்பத்திரி விரிப்புக்கு மட்டும்தானே, அப்புறம் அதுவும் போச்சு. அவர் போன அந்த வாரம், விரிப்போட விரிப்பா ஆணியில இருந்த சட்டையையும் உருவி, நூல் கோத்து, சோடா போட்டு, வெள்ளை வெளேர்னு வெளுத்து வெச்சுட்டே. கை அதுபாட்டுக்கு வேலை பாத்திருக்கு. சொந்த அண்ணன் சட்டைக்கு அடையாள நூல் கட்டின சலவைக்காரி உலகத்துலயே நீ ஒருத்திதான்.

நாத்தனார்: தெரியுமா... அண்ணி, அன்னைக்கேவா தெரியும்?

அண்ணி: அன்னைக்கே.

நாத்தனார்: என்னை ஏன் அடிக்கல?

அண்ணி: அடிக்கத்தான் வந்தேன். கஞ்சித் துடுப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தேன். நீ அந்தச் சட்டையைத் தலையோட போத்திக்கிட்டு, கூடாரத்துக்குள்ள உக்காந்த மாதிரி உக்காந்து, காகித மோதிரம் மாட்டின சுருட்டைப் பத்த வெச்சு ஊதிக்கிட்டிருந்தே. ஒரு இழுப்பு, பத்து இருமல். சட்டைக் கைவழியா புகை வருது, நடுவுல உன் விசும்பலும் வருது. துடுப்பைக் கீழ வெச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன் பாரு... அவர் போனதுக்கப்புறம் நான் மொத தடவை சிரிச்சது அப்பதான்.

நாத்தனார்: வாராவாரம் லாரிக்காரர்கிட்ட வாங்கி ஊதினேன் அண்ணி. எனக்கோ வாசனை தெரியல, போதுமா போதாதான்னும் தெரியாது. அதான் ரெண்டு சுருட்டு.

அண்ணி: தெரியும். தூக்கலாத்தான் இருந்துச்சு. பூனையே கொல்லையை விட்டுத் தொட்டிக்குக் குடி வந்துடுச்சு.

நாத்தனார்: சிரிக்காதீங்க. ...ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணன் ஒரு நாள்கூடக் கொல்லைக்குப் போய்ச் சுருட்டுப் பிடிக்காம இருந்ததே இல்ல. வெளுத்தது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா வாசனையாவது சரியா வந்துச்சா? அண்ணன் மாதிரியே இருந்துச்சா?

அண்ணி: இல்லடி பாப்பா. உங்கண்ணன் சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்காகச் சுருட்டை விட்டுட்டாரு. நீ கெக்கலி கொட்டுவேன்னு உனக்கு மட்டும் சொல்லல, உன் செத்த மூக்கை நம்பி, சுருட்டுப் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கொல்லையில நின்னு கிராம்பு மென்னுட்டு வருவாரு. மூணு வருஷமா அந்தப் பெட்டியைத் திறந்து நான் மோந்து பாத்தது அவரை இல்ல, உன்னை. இப்ப சட்டையைக் குடு, மாடிக்கு ஏறு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு அலசுவோம்... நூல் மட்டும் அப்படியே இருக்கட்டும்.