அய்ஸருக்கு எங்கே வேலை

— …நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேண்டாம், உம்மு லுவை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். கண்ணுல பட்டுது. அவ்வளவுதான்.

— உங்க வீட்டுத் துணி மட்டும் என்னிக்குமே காயாது போல, உம்மு ரம்ஸி. எப்பப் பார்த்தாலும் நீ மொட்டைமாடியிலதான் இருக்க.

— கிண்டல் பண்ணு, பண்ணு. சாயந்திரம் உன் பொண்ணைக் கேட்டு வர்றாங்க. எல்லாரும் வந்து உட்கார்ந்தப்புறம் தெரிஞ்சா, பக்கத்து வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லலியேன்னு என்னைத்தான் திட்டுவ.

— சரி, சொல்லு. சும்மா உட்காராம இந்தத் திராட்சை இலையைச் சுருட்டிக்கிட்டே சொல்லு. அரிசியைக் கொஞ்சமா வை, வெந்தா பிரிஞ்சிடும்.

— மாப்பிள்ளைப் பையன் எங்க வேலை பார்க்கறான்னு சொன்ன?

— அய்ஸரா? ரமல்லாவுல. ஏதோ ஆஸ்பத்திரி கட்டறாங்களாம். அதுல டைல்ஸ் போடறான்.

— ரமல்லா எப்ப நம்ம மேட்டுக்கு வந்துது?

— என்ன உளர்ற?

— மேட்டு மேல யூதக் குடியேறிங்களுக்குன்னு சிவப்பு ஓட்டு வீடுங்க எழும்புதே, அங்கதான் நேத்து அவனைப் பார்த்தேன். மூணாவது வரிசையில, தலையில ஒரு துண்டு, கையில டைல் வெட்டற மெஷின்.

— இவ்வளவு தூரத்துலேருந்து முகம் தெரிஞ்சுதா உனக்கு?

— ரம்ஸியோட பைனாகுலர் இருக்கே.

— துணி காயப்போட பைனாகுலரா?

— பறவை பார்க்கறதுக்கு அவன் வாங்கினது. கொடியிலேயே தொங்கிக்கிட்டிருந்துது. பேச்சை மாத்தாத. மூணாவது வரிசை யாரோட இடம்? உன் மாமனார் வாதுமை மரம் வெச்சிருந்த இடம்.

— மெதுவாப் பேசு. நிஸ்ரீன் உள்ள தலை வாரிக்கிட்டிருக்கா.

— உன் வீட்டுக்காரர் அபூ லுவை எங்க?

— சவரக் கடைக்குப் போயிருக்காரு. நேத்து அந்த நிலத்து கேஸுக்காக வக்கீலைப் பார்த்துட்டு வந்ததுலேருந்து ஆள் சரியில்ல. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாரு, எழுந்தாரு, திரும்ப உட்கார்ந்தாரு. கல்யாணக் கவலைன்னு நானும் விட்டுட்டேன்.

— அவருக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா இந்நேரம் வீடு இப்படியா இருக்கும்? அந்த மேட்டுல ஒரு செங்கல்லைத் தொட்டவன்கூட என் வாசல்படி மிதிக்கக்கூடாதுன்னு ஊருக்கே சொல்லி வெச்ச மனுஷன்.

— அதான் நானும் சொல்றேன். போன வருஷம் ஸலீம் மகனுக்காக நிஸ்ரீனைக் கேட்டு வந்தாங்களே, மறந்துட்டியா? அவன் வெறும் சிமென்ட் லாரி ஓட்டறவன். அவங்க பெரியவர் வழக்கப்படி, பொண்ணு கொடுக்கறேன்னு சொல்றவரைக்கும் காப்பியைத் தொடாம கீழ வெச்சுட்டு, அழகாத்தான் பேசினாரு. உன் வீட்டுக்காரர் ‘குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்’னு சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் என்னடான்னா, ‘லாரி எந்த மேட்டுக்குப் போகுது’ன்னு ஒரே கேள்வி. கடைசிவரைக்கும் குடிங்கன்னு சொல்லவே இல்ல. அத்தனை ஆம்பளைங்களும் ஆறிப்போற காப்பியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. ஜன்னல் வழியா நான் பார்த்தேன், பாவம்.

— எல்லாத்தையும் பார்த்துடு.

— ரெண்டாவது தடவையும் ஆறிப்போச்சுன்னா, அப்புறம் எந்தப் பெரியவரும் நிஸ்ரீனுக்காக இந்தப் படி ஏறமாட்டாரு. அதை நினைச்சுக்க.

— நினைக்காமலா இருக்கேன்? இந்தச் சத்தம் வேற. மேட்டுல பாறை உடைக்கிறான், உடைக்கிறான், வெள்ளிக்கிழமைகூட விடமாட்டேங்கறான். தலைக்குள்ளயே உடைக்கிற மாதிரி இருக்கு. அந்தப் போனை எடு. இல்ல, வேண்டாம். இல்ல, எடு. அய்ஸரோட பெரியப்பாகிட்ட சொல்லிடறேன், வேலைப் பேச்சே எடுக்க வேண்டாம்னு.

— யாராவது கேட்பாங்களே.

— நீ சும்மா இருந்தா யாரும் கேட்கமாட்டாங்க.

— அய்ஸர் எங்க வேலை பார்க்கறான்னு எனக்குத் தெரியும், உம்மா.

— நிஸ்ரீன்? நீ எப்ப வந்து நின்ன?

— ரமல்லா எப்ப மேட்டுக்கு வந்துதுன்னு சாச்சி கேட்டாங்களே, அப்பவே.

— கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்கறது நல்ல பழக்கமில்ல, பொண்ணே.

— உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான், சாச்சி.

— தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சியா, நிஸ்ரீன்?

— ஆஸ்பத்திரி வேலை நின்னுபோச்சு, உம்மா. மூணு மாசம் அய்ஸர் சும்மா உட்கார்ந்திருந்தான். வேற எங்க போவான்? நம்ம ஊர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் விடியக்காலையில அந்த மேட்டு கேட்லதான் வரிசையில நிக்கறாங்க. உங்க ரம்ஸி எங்க போறாரு, சாச்சி?

— ரம்ஸியா? அவன் எலக்ட்ரிக் வேலைக்குப் போறான்.

— எங்க?

— வீட்டுக்குள்ள எல்லாம் அவன் கை வைக்கறதில்ல. தெருவிளக்கு மட்டும்தான்.

— அந்தத் தெருவுலதானே?

— விளக்கு எல்லாருக்கும் பொதுதானே.

— ரெண்டு பேரும் வாயை மூடுங்க. விளக்காம் விளக்கு. என் மகன் லுவை கல்யாணத்துக்கு மாடியில ஒரு ரூம் கட்டினோம். பர்மிட் இல்ல, இடிச்சிடுன்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்குப் பாரு, கேஸ் நடந்துக்கிட்டிருக்கும்போதே அஸ்திவாரம் போட்டாச்சு. முச்சந்தியில சர்க்காரே போர்டு வெச்சிருக்கு, சிரிக்கிற குழந்தை படம் போட்டு. குறைஞ்ச வட்டிக்குக் கடனாம், வந்து குடியேறுங்கன்னு. வேலி போட்டப்புறம் நாம யாராவது அந்த மண்ணை மிதிச்சிருக்கோமா? முன்னாடியாவது வாதுமை பறிக்க வருஷத்துக்கு ரெண்டு நாள் விட்டாங்க. இப்ப அதுவும் இல்ல. என் மாப்பிள்ளை போய் அங்க தரை போட்டுக் கொடுக்கறானாம்.

— அவன் போடலைன்னா வேற ஒருத்தன் போடுவான், உம்மா.

— அதை உன் வாப்பாகிட்ட சொல்லிப் பாரு. ராத்திரி எல்லாம் கேஸ் கேஸ்னு உயிரை விடறாரே, அந்த மனுஷன்கிட்ட சொல்லு.

— உம்மா, உட்காருங்க.

— ஏன்?

— உட்காருங்களேன்.

— நிக்கறேன். சொல்லு.

— கேஸ் முடிஞ்சுபோச்சு. நேத்து வக்கீல் சொல்லிட்டாராம். நிலம் சர்க்காரோடதுன்னு கோர்ட் சொல்லிடுச்சாம். இனி மேல்கோர்ட்டுக்குப் போகவும் வழி இல்லையாம்.

— யாரு சொன்னா உனக்கு?

— அய்ஸர்.

— இது எப்படி என் காதுக்கு வரல?

— நீ கொஞ்சம் சும்மா இரு, உம்மு ரம்ஸி. அய்ஸருக்கு எப்படித் தெரியும்?

— வாப்பாதான் சொல்லியிருக்காரு. வக்கீல்கிட்டேருந்து நேரா வீட்டுக்கு வரல அவரு. மேட்டு கேட்டுக்கு எதிர்ல, ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்திருந்திருக்காரு. வேலை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்தப்ப அய்ஸரும் வந்திருக்கான்.

— யா அல்லாஹ். உடம்பெல்லாம் சிமென்ட்டோடவா?

— சிமென்ட்டோடதான். ஓடி ஒளியக்கூட நேரமில்ல. மத்தவங்க எல்லாம் வாப்பாவைப் பார்த்துட்டு வேனுக்குப் பின்னாடி போயிட்டாங்களாம். ரம்ஸியும்.

— ரம்ஸி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.

— அடிச்சாரா அவனை?

— இல்ல.

— எல்லார் முன்னாடியும் திட்டினாரா?

— இல்ல, உம்மா. பக்கத்துல உட்காரச் சொல்லியிருக்காரு. வாதுமை மரம் ஏதாவது மிச்சமிருக்கான்னு கேட்டிருக்காரு. ஒண்ணு இருக்கு, பார்க்கிங்குக்கு நிழலுக்குன்னு விட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னானாம். அந்த மரம் இருக்கற பக்கமே பார்த்துக்கிட்டிருந்தாராம் வாப்பா. இவனுக்கு எழுந்து போகவும் பயம், உட்காரவும் பயம்.

— அப்புறம்?

— அப்புறம் அவராவே சொல்லியிருக்காரு, நாளைக்கு உங்க பெரியவர் கேட்டா நான் சரின்னுதான் சொல்லப்போறேன், ஆனா எனக்கு ஒரு நிபந்தனை இருக்குன்னு.

— வேலையை விட்டுடணும். அதானே? விடச் சொல்லு. கல்யாணம் ஆகட்டும், பட்டினி கிடந்தாலும் பரவாயில்ல.

— நானும் அப்படித்தான் நினைச்சேன், உம்மா. ‘மேஸ்திரிகிட்ட சொல்லி என்னையும் சேர்த்துவிடு, வயசானவனுக்கு உள்ள போற பாஸ் சீக்கிரம் கொடுப்பாங்களாம், கூலிக்காரனா வந்தாத்தானே அந்த கேட்டை எனக்குத் திறப்பாங்க’ன்னு கேட்டிருக்காரு வாப்பா.