வளையக்காரி ஊத்து

மோட்டாரும் தார் ரோடும் கண்ணுல காணாத காலம் அது. செங்காட்டுப்பட்டியில இருளப்பர்னு ஒருத்தர் இருந்தாராம். அறுப்பு முடிஞ்சா வருசத்துக்கு ஒரே ஒரு நாள் ஊரே வண்டி கட்டும். எங்கயாவது போயிக் குளிச்சு, ஆக்கித் தின்னு வரும். எங்க போறதுன்னு சொல்றது முதல் வண்டிக்காரர். அந்த முதல் வண்டி பாட்டன் காலத்துலருந்து இருளப்பர் வீட்டுது.

போன வருசம் என்ன செஞ்சாரு? எவனோ தமுக்கடிச்சு, "யானை உண்டு, ராட்டினம் உண்டு, குளம் நெறையத் தண்ணி உண்டு"ன்னு சொன்னான். அத நம்பிப் பதினாலு வண்டியையும் ஓட்டிட்டுப் போனாரு. போயிப் பாத்தா யானையுமில்ல, பூனையுமில்ல! குளத்துல ஆடு மேயுதாம். பொம்பளைங்க வழிநெடுக வஞ்சுக்கிட்டே வந்தாங்களாம்.

"இந்த வருசமும் ஏமாந்தா இனி முதல் வண்டி என் வண்டிதான்"னு மச்சினன் மூக்கன் மீசைய முறுக்குனான். இருளப்பருக்குச் சோறு எறங்கல.

அந்த நேரம் பாத்து வளையல்காரர் பங்காருசாமி வந்தாராம். சுத்துப்பட்டு ஊரெல்லாம் நடந்தே பாத்த ஆளு.

"எங்க போகலாம் வே?"

"மேலச்சந்தைத் திருவிழாவுக்குப் போங்க! அது மாதிரி உண்டா!"

இருளப்பர் யோசிச்சாரு. அங்கதான இவருக்கு வளையல் நெறைய விக்கும்? "சரி வே, உம்ம பொண்டாட்டி பிள்ளைகள அங்க கூட்டிட்டுப் போவீரா?"ன்னு கேட்டாராம்.

வளையல்காரர் சிரிச்சுப்புட்டாரு. "அந்த நெரிசல்ல பிள்ளைகளத் தொலைக்கவா? என் வீட்டாளுக போறது வேற எடம். கரட்டுக்குப் பின்னால ஒரு ஊத்து. இடுப்பளவு தண்ணி, மருத மர நெழலு. பேருகூடக் கிடையாது."

பதினாலு வண்டியும் கெளம்புச்சாம். மூக்கன் விடுவானா? "அத்தான் பேரில்லாத எடத்துக்கு இழுத்துட்டுப் போறாரு!"ன்னு ஒரே நக்கல். இருளப்பருக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். கரட்டச் சுத்துனா, சலசலன்னு தண்ணி! தண்ணிக்குள்ள ஒரு பொம்பளையும் மூணு பிள்ளைங்களும் ஒரே கும்மாளம்! யாருங்கறீங்க? வளையல்காரர் பொண்டாட்டி பிள்ளைங்கதான்!

பதினாலு வண்டியப் பாத்ததும் அந்தம்மா, அங்க இல்லாத புருசன நெனச்சுத் தலையில அடிச்சுக்கிட்டாங்களாம். "அடப்பாவி மனுசா, இந்த எடத்தையும் ஊருக்குச் சொல்லிப்புட்டீரா!"

அந்த ஏச்சக் கேட்ட பிறகுதான் இருளப்பருக்கு உசுரே வந்துச்சு. முதல்ல தண்ணிக்குள்ள குதிச்சது யாருங்கறீங்க? மூக்கன்!

அன்னையிலருந்து அது வளையக்காரி ஊத்து. இன்னைக்கும் அங்க ஆக்குனா முதல் இலை வளையல்காரர் வம்சத்துக்குத்தான். நம்மூர்ல எவனாவது ஒரு எடத்த ஆகா ஓகோன்னு அளந்தான்னு வைங்க, பல்லு மொளைக்காத பிள்ளையும் கேக்கும்: "உம்ம வீட்டாளுகளக் கூட்டிட்டுப் போவீரா?"